எண் பெருத்தால் படம் தெளியுமா?

தொலைக்காட்சியோடு ஆஸ்ட்ரோ பெட்டியையோ, ஆண்ட்ராய்டு பெட்டியையோ, பழைய டிவிடி கருவியையோ இணைத்து அதன் அமைப்புகளுக்குள் போனால் ஒரு பட்டியல் வரும். 576, 720, 1080, 2160 என்று எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். எதைத் தேர்ந்தெடுப்பது? நம்மில் பெரும்பாலோர் இதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்வதில்லை. இருப்பதில் பெரியதை அழுத்திவிட்டு நாற்காலியில் போய் அமர்ந்துவிடுகிறோம். தேர்வில் 90 வாங்கியவன் 60 வாங்கியவனைவிடக் கெட்டிக்காரன் என்று நினைத்தே வளர்ந்த சமுதாயம் அல்லவா நாம்!

இந்தப் பழக்கம் தவறானது என்பது என் கருத்து. தொலைக்காட்சிக்கு ஏற்ற துல்லியம் என்று தனியாக ஒன்று கிடையாது. எந்தப் படத்தை, எந்தத் திரையில், எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறோம் என்ற மூன்றும் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன. நாம் பார்ப்பதில் பெரும்பகுதி தமிழ்ப் படங்களும் தமிழ் நிகழ்ச்சிகளும் என்பதால், இந்தக் கணக்கில் நமக்கென்று சில தனிச் சிக்கல்களும் உண்டு.

முதலில் எண்களின் பொருளைப் பார்த்துவிடுவோம். திரை என்பது படப்புள்ளிகளால் ஆன ஒரு கோலம். 4கே எனப்படும் திரையில் குறுக்கே 3,840, நெடுக்கே 2,160 என மொத்தம் 8,294,400 புள்ளிகள். முழு எச்.டி. திரையில் 1,920-க்கு 1,080, அதாவது 2,073,600. டிவிடி வட்டில் நம் நாட்டு முறைப்படி உள்ள படம் 720-க்கு 576. புள்ளிகள் 414,720 மட்டுமே. வகுத்துப் பாருங்கள். 4கே திரை டிவிடி படத்தைப்போல் சரியாக 20 மடங்கு. அப்படியென்றால் டிவிடியில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் மேலும் 19 புள்ளிகளை யாராவது எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும்.

லெபோ பாசார் பக்கம் 2000-ஆம் ஆண்டுகளில் நடந்து போனவர்களுக்கு விசிடி கடைகளின் வாசலில் ஒலித்த பாட்டு மறந்திருக்காது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் அங்கே நடக்கவே இடமிருக்காது. நம் வீடுகளில் இன்னும் அலமாரி நிறைய இருப்பவை அந்த வட்டுகள்தாம். விசிடியில் படத்தின் அளவு 352-க்கு 288. அந்த ஒரு புள்ளியை 4கே திரையில் 80-க்கும் மேற்பட்ட புள்ளிகளாக விரிக்க வேண்டும். விரிக்க முடியும், பெட்டிக்குள் இருக்கும் சில்லு பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து இடைப்பட்டதை ஊகித்து நிரப்பிவிடும். ஆனால் அது ஊகம்தான். மோரில் நீர் ஊற்றினால் குடம் நிறையும், மோர் கூடாது.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-ஆம் நாள் தொடங்கியது. வண்ணம் வந்தது 1978-இல். ஐரோப்பிய நாடுகள் பலவற்றைப்போல் நாமும் பால் எனப்படும் முறையை ஏற்றுக்கொண்டோம் (மாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை). இதில் 625 கோடுகள். அவற்றுள் படமாகத் தெரிவது 576. வினாடிக்கு 25 முழுப் படங்கள். அவையும் முழுதாக வருவதில்லை. ஒற்றைப்படைக் கோடுகள் முதலில், இரட்டைப்படைக் கோடுகள் அடுத்து என வினாடிக்கு 50 அரைப்படங்களாக வரும். நாடு முழுவதும் பழைய ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு முழுமையாக இலக்கவியலுக்கு மாறியது 2019 அக்டோபர் 31-இல்தான். ஆக, 50 ஆண்டுகளுக்கும் மேலாக இந்நாட்டில் தமிழில் ஒளிபரப்பானவற்றில் பெரும்பகுதி இந்த 576 கோட்டுக்குள் அடங்கியது. செய்தி, நாடகம், தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சி எல்லாம் அதற்குள்தான்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். படத்தைப் பெரிதாக்கும் சில்லு பெட்டியிலும் இருக்கிறது, தொலைக்காட்சியிலும் இருக்கிறது. நாம் தேர்ந்தெடுக்கும் எண், இருவரில் யார் வேலை செய்ய வேண்டும் என்பதைத்தான் முடிவு செய்கிறது. பெட்டியில் 1080 என்று வைத்தால் பெட்டி விரிக்கும். 576 என்று வைத்தால் படம் உள்ளபடியே போகும், தொலைக்காட்சி விரிக்கும். என் அனுபவத்தில் மலிவான பெட்டியைவிடத் தொலைக்காட்சி இதை நன்றாகச் செய்கிறது. மிக மோசமானது இருவரும் செய்வது.

பட்டர்வொர்த்தில் இருக்கும் என் மாமா வீட்டில் 32 அங்குலத் தொலைக்காட்சி ஒன்று உள்ளது. ‘எச்.டி. ரெடி’ என்று முன்பு விற்ற வகை. விளம்பரத்தில் 720 என்றும் 1080 என்றும் இருந்தாலும், அந்த வகைத் திரைகள் பலவற்றின் உண்மையான அளவு 1,366-க்கு 768. இரண்டு எண்ணுக்கும் பொருந்தாத இடைச்சாதி! மாமா பார்ப்பது டிவிடியில் சிவாஜி படங்கள். டிவிடி கருவியோ 1080-இல் வைக்கப்பட்டிருந்தது. கருவி 576 கோட்டை 1,080-ஆக இழுக்கிறது. தொலைக்காட்சி அதை வாங்கி 768-ஆகச் சுருக்குகிறது. இழுத்த இழுப்பிலும் சுருக்கிய சுருக்கத்திலும் முகங்களைச் சுற்றி வெள்ளைக் கோடு. கருவியை 576-க்கு மாற்றிக் கொடுத்தேன். “என்னப்பா, குறைச்சு வெச்சிட்டு நல்லா இருக்குங்கிற?” என்று சந்தேகப்பட்டார். ஐந்து நிமிடம் பார்த்தபின் சந்தேகத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

அதற்காக எல்லாரும் 576-க்கு மாற்றுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அதே திரையில் எச்.டி. அலைவரிசை ஒன்றைப் பார்த்தால் 1080-தான் சரி. படம் ஒரே ஒருமுறை, 1,080-இலிருந்து 768-க்குச் சுருங்கும். 720 என்று வைத்தால் பெட்டி ஒருமுறை சுருக்கும், திரை மறுபடி இழுக்கும். சில பெட்டிகளில் ‘மூலத்தின்படி’ என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். அது இருந்தால் அதுவே மேல். வந்த படம் வந்த அளவிலேயே தொலைக்காட்சிக்குப் போய்ச் சேரும். புதிய 4கே திரைகளில் இந்தத் தலைவலி குறைவு. 1,080-ஐ இரண்டால் பெருக்கினாலும் 720-ஐ மூன்றால் பெருக்கினாலும் 2,160 வந்துவிடுகிறது.

சரி, எது நன்றாக இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடைக்காரர்கள் கிளியையும் நீர்வீழ்ச்சியையும் காட்டுவார்கள். அது அந்தத் திரைக்கென்றே எடுத்த படம். வண்ணத்தையும் கண் கூசும் அளவுக்கு ஏற்றி வைத்திருப்பார்கள். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தமிழ் மாணவர்களாகிய நம்மிடம் அதைவிட நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது. அதுதான் நம் எழுத்து. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியர் சொல்லிவிட்டுப் போனார். செய்தியின்போது திரையின் அடியில் ஓடும் தமிழ் வரியில் அந்தப் புள்ளியைத் தேடுங்கள். 576 கோட்டுப் படத்தில் சிறிய எழுத்தின் புள்ளி ஒரு கோடு அல்லது இரண்டு கோடு உயரம்தான் இருக்கும். ஒரே கோட்டில் அமைந்துவிட்டால் அது இரண்டு அரைப்படங்களில் ஒன்றில் மட்டுமே இருக்கும். அரைப்படங்களைச் சேர்க்கத் தெரியாத சில்லு அதைத் துடிக்க வைக்கும், அல்லது மங்கச் செய்யும், அல்லது அடியோடு விழுங்கிவிடும். ‘பட்டம்’ என்பது ‘படடம’ ஆகிவிடும்! ஆங்கிலத்தில் ‘ஐ’ எழுத்தின் புள்ளி போனாலும் சொல் புரியும். நமக்குப் புள்ளி போனால் ஓசையே போயிற்று.

ஆகவே சோதனை எளிது. தமிழ் எழுத்து ஓடும் நிகழ்ச்சி ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வோர் அளவாக மாற்றிப் பாருங்கள். புள்ளி அசையாமல் நிற்கிறதா? ‘ன’வின் சுழியும் ‘ண’வின் சுழிகளும் தனித்தனியே தெரிகின்றனவா? எந்த அமைப்பில் இவை தெளிவாக இருக்கின்றனவோ அதுவே உங்கள் வீட்டுக்குச் சரியானது. அதன் எண் பட்டியலில் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டாம்.

ஓடும் எழுத்து இன்னொரு குறையையும் காட்டிக்கொடுக்கும். சில வீடுகளில் அந்த வரி வழுக்கிக்கொண்டு போகாமல், தத்தித் தத்திப் போகும். கண் வலிக்கும், காரணம் தெரியாது. துல்லியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னோர் எண்ணைப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். வினாடிக்கு எத்தனை முறை படம் அனுப்பப்படுகிறது என்பது அது. ‘60 பெரியது’ என்று அதையும் ஏற்றி வைத்துவிடுகிறோம். வேறு சந்தைகளுக்கென்று செய்த ஆண்ட்ராய்டு பெட்டிகள் பல, வாங்கும்போதே 60-இல்தான் இருக்கின்றன. நம் ஒளிபரப்போ வினாடிக்கு 25 படம் அல்லது 50 அரைப்படம். 25 படத்தை 60 இடத்தில் எப்படி நிரப்புவது? சில படங்களை இரண்டு முறை, சிலவற்றை மூன்று முறை என்று கலந்து காட்ட வேண்டியிருக்கிறது. அந்த நொண்டிதான் நமக்குத் தெரிகிறது. 50 என்று வைத்துவிட்டால் ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு முறை வரும், நடை சீராகிவிடும். நம் ஊர் நிகழ்ச்சிகளுக்கு 2160-ஐவிட இந்த 50-தான் முக்கியம் என்பேன்.

திரைப்படத்தின் கதை வேறு. அது வினாடிக்கு 24 படம். பால் முறையில் அதை 25-ஆகவே ஓட்டிவிடுவது வழக்கம். இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். பாட்டின் சுருதியும் கொஞ்சம் ஏறிவிடும். நாம் தொலைக்காட்சியில் கேட்டு மனப்பாடம் செய்த பழைய பாடல்கள் பல இப்படி ஏறிய சுருதியில் கேட்டவை என்று நினைத்தால் எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. இணையவழி வரும் படங்களுக்கு 24-ஐ உள்ளபடி அனுப்பும் வசதி இப்போது சில பெட்டிகளில் உண்டு. ஆப்பிள் பெட்டியில் 2017 முதல் இருக்கிறது. இருந்தால் அதை இயக்கி வைப்பது நல்லது.

கேபிள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2009-இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 வகை இணைப்பில் 4கே படம் வினாடிக்கு 30 முறைக்கு மேல் போகாது. 50, 60 வேண்டுமானால் 2013-இல் வந்த 2.0 வகை வேண்டும். பழைய துளையில் செருகிவிட்டு 2160-ஐ அழுத்தினால், பெட்டி சத்தமில்லாமல் 30-க்கு இறங்கிவிடும். திரையின் மூலையில் ‘4கே’ என்று பெருமையாகக் காட்டும். ஆனால் காற்பந்து ஆட்டத்தில் பந்து துள்ளித் துள்ளிப் போகும். அப்படிப்பட்ட இடத்தில் 1080-ஐயும் 50-ஐயும் வைப்பவனே புத்திசாலி.

இவற்றையெல்லாம்விட எனக்கு மனவருத்தம் தருவது இன்னொன்று. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. அதற்கு முந்திய படங்கள் ஏறக்குறைய 4-க்கு 3 என்ற சட்டத்தில் எடுக்கப்பட்டவை. இன்றைய தொலைக்காட்சியோ 16-க்கு 9. இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தால் ‘பணம் கொடுத்து வாங்கிய திரை வீணாகிறதே’ என்று நினைத்து, படத்தைத் திரை முழுதும் இழுத்துவிடுகிறோம். முகம் மூன்றில் ஒரு பங்கு அகன்றுவிடும். பத்மினியின் முகத்தைப் பூசணிக்காய் ஆக்கிவிட்டு, ‘4கே-இல் பார்க்கிறேன்’ என்று சொல்வதில் என்ன பெருமை? ஜெலுத்தோங்கில் நான் போகும் வீடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கிறது. தாத்தா பாட்டிகள் ஒன்றும் சொல்வதில்லை; பேரன் வைத்தது சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறார்கள். ரிமோட்டில் 4:3 என்று ஒரு தேர்வு இருக்கிறது, பேரன்மாரே! எச்.டி. படம் பார்க்கும்போது மட்டும் அதை மறுபடியும் 16:9-க்குக் கொண்டுவந்து, ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்ற அமைப்பையும் இயக்குங்கள். இல்லாவிட்டால் பல தொலைக்காட்சிகள் விளிம்பைச் சற்று வெட்டி, உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு 4கே வெறும் ஏமாற்று என்று சொன்னால் அது நியாயமாகாது. 35 மில்லிமீட்டர் பிலிமில் எடுத்த படத்தில் டிவிடியில் வராத நுணுக்கம் நிறைய இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள சுருளிலிருந்து புதிதாக வருடி எடுத்தால் அந்தக் கூடுதல் புள்ளிகள் உண்மையானவை. இணையவழி வரும் 4கே படத்துக்கு நெட்பிளிக்ஸ் வினாடிக்கு 15 மெகாபிட் வேகம் கேட்கிறது, 1080-க்கு 5 மெகாபிட் போதும் என்கிறது. தரவு கூடுதலாக வருவதால் படம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டே! நல்ல பார்வையுள்ளவர் 10 அடி தூரத்திலிருந்து பிரித்தறியக்கூடிய அளவு ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர். 55 அங்குலத் திரையில் 1080 படத்தின் ஒரு புள்ளியே 0.63 மில்லிமீட்டர்தான். அதை நான்காகப் பிரித்தாலும் நாற்காலியில் இருப்பவருக்கு வேறுபாடு தெரியாது. தெரிய வேண்டுமானால் இன்னும் கிட்டே வந்து அமர வேண்டும். வீட்டில் அப்படிக் குழந்தைகள் அமர்ந்தால் நாம் திட்டி எழுப்பிவிடுவோம்.

பினாங்கில் நம் குடும்பங்கள் பல, தவணை முறையில் தொலைக்காட்சி வாங்குபவை. கொம்தார் அருகே கடை ஒன்றில், பழைய முழு எச்.டி. தொலைக்காட்சி நன்றாக வேலை செய்துகொண்டிருந்த குடும்பத்திடம் ‘இனிமேல் எல்லாம் 4கே-தான், இதில் ஒன்றும் சரியாக வராது’ என்று சொல்லிப் புதியதை விற்றதை நான் அருகில் நின்று கேட்டேன். அவர்கள் வீட்டில் பார்ப்பது தமிழ்த் தொடர்கள்தாம். இருந்த பெட்டியில் இரண்டு அமைப்பை மாற்றியிருந்தால் போதும். 24 மாதத் தவணை மிஞ்சியிருக்கும்.

கடைசியாக, நம் கழகத்துக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்று. கழக அறையின் அலமாரியில் 1990-ஆம் ஆண்டுகள் தொட்டு நடந்த கலைவிழாக்கள், சொற்போர்கள், பட்டிமன்றங்கள் ஆகியவற்றின் விஎச்எஸ் நாடாக்களும், பின்னர் எடுத்த மினி டிவி நாடாக்களும் இருக்கின்றன. இவற்றை இலக்கவியலாக்கி முன்னாள் மாணவர் சந்திப்பில் திரையிடலாம் என்ற பேச்சு நடக்கிறது. நல்ல முயற்சி. ஆனால் ‘எல்லாவற்றையும் 4கே-யாக மாற்றி வைத்துவிடலாம், காலத்துக்கு ஏற்றபடி இருக்கும்’ என்ற யோசனையை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

வீட்டில் பெட்டியின் அமைப்பைத் தவறாக வைத்தால் நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். நாடாவை மாற்றும்போது செய்யும் தவறு கோப்பிலேயே நிலைத்துவிடும். இன்று கிடைக்கும் ஏதோ ஒரு மென்பொருளைக் கொண்டு அரைப்படங்களைக் கலந்து, இழுத்து, கூர்மையாக்கி 4கே கோப்பாகச் சேமித்தால், பத்தாண்டு கழித்து அதைவிட நல்ல மென்பொருள் வந்தாலும் அதற்குக் கொடுக்க நம்மிடம் அசல் இருக்காது. நாடாவை மறுபடி ஓட்டலாமே என்று கேட்கலாம். விஎச்எஸ் கருவி தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016-இல் அதை நிறுத்திவிட்டது. நாடாக்களோ பினாங்கின் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கக் காத்திருக்கின்றன. பலவற்றுக்கு ஓடும் வாய்ப்பு இன்னும் ஒருமுறைதான் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

ஆகவே விஎச்எஸ் நாடாக்களை 720-க்கு 576, வினாடிக்கு 25, அரைப்படங்கள் அப்படியே இருக்க, 4-க்கு 3 சட்டத்தில் எடுத்து வைக்க வேண்டும். மினி டிவி நாடாவில் படம் ஏற்கெனவே இலக்கவியலாகவே இருக்கிறது. ஃபயர்வயர் இணைப்பு வழியாக அதை ஓர் எழுத்தும் மாறாமல் கணினிக்கு எடுக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 13 கிகாபைட் ஆகும். இன்றைய சேமிப்பகங்களில் இது பெரிய இடமே இல்லை. கோப்பின் இரண்டு படிகளை இரண்டு வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும். திரையிடலுக்கு அழகாக வேண்டுமென்றால் அந்த அசலிலிருந்து தனியாக ஒரு படி செய்துகொள்ளலாம். அதை எந்த அளவுக்கு வேண்டுமானாலும் இழுங்கள், நான் ஆட்சேபிக்கவில்லை.

ஓடும் நிலையில் உள்ள விஎச்எஸ் கருவியோ, ஃபயர்வயர் துளையுள்ள பழைய கணினியோ, மினி டிவி நாடாவை ஓட்டக்கூடிய கேமராவோ வீட்டில் வைத்திருக்கும் முன்னாள் மாணவர்கள் அருள்கூர்ந்து செயலவையிடம் தெரிவியுங்கள். கருவி கிடைத்தால், நாடாக்களைத் துடைத்து ஓட்டும் வேலைக்கு வார இறுதிகளில் வந்துநிற்க நான் தயார்.